பன்றிக்கு என்ன மார்க்?

போன மார்கழியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பன்றி வந்து சேர்ந்தது. கூரியரில்.

கையெழுத்துப் போட்டு வாங்கியவள் என் மனைவி. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டப்பா. ஊரில் உள்ள டேப்பையெல்லாம் அதன் மேல் சுற்றியிருந்தார்கள். கத்தரிக்கோல், கத்தி, கடைசியில் பல் என்று சகல ஆயுதங்களையும் பிரயோகித்துப் பிரித்தால், பஞ்சுக்கு நடுவில் ஒரு வெள்ளிக் காசு.

"எவ்வளவுங்க இது?"

"ஒரு ரூபாய்."

"அது எனக்கும் படிக்கத் தெரியுது. நீங்க எவ்வளவு கொடுத்தீங்க?"

பொய் சொல்ல வழியில்லை. பில்லையும் பொறுப்பாக உள்ளேயே வைத்து அனுப்பியிருந்தார்கள். ரூ. 9,500. அவள் அதை ஒரு தடவை படித்தாள். சைபர்களைத் தனியாக எண்ணினாள். "ஒரு ரூபாயை ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கின பி.காம். நீங்க ஒருத்தர்தாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். குக்கர் வழக்கத்தை விட அன்று நாலு விசில் கூடுதலாக அடித்தது.

பன்றி எங்கே என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட புது ரூபாய் வந்தது. மன்னரின் அங்கியில் மார்புப் பக்கம் ஒரு குட்டி யானை உருவம் உண்டு. செதுக்கியவர் தும்பிக்கையில் கஞ்சத்தனம் காட்டிவிட்டார். பார்த்தவர்களுக்கு யானை பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் மனம் நொந்து எதிர்ப்புத் தெரிவிக்க, அரசாங்கம் அந்தக் காசை நிறுத்தியது. 1912 முதல் தும்பிக்கையை ஒழுங்காக நீட்டி அடித்தார்கள். கல்கத்தாவிலும் பம்பாயிலும் அடித்த சுமார் 94 லட்சம் காசில் வெளியே போனது சுமார் 7 லட்சம். மீதி உருகிப் போயிற்று. அதனால் 1911 ரூபாய்க்கு இன்றைக்கும் தனி மவுசு. சேகரிப்பவர்கள் செல்லமாக 'பன்றி ரூபாய்' என்பார்கள்.

நான் அதை செல்போனில் போட்டோ பார்த்துத்தான் வாங்கினேன். போட்டோவில் அது நேற்று ராத்திரி அச்சடித்த மாதிரி ஜொலித்தது. 'புழக்கத்துக்கே போகாத காசு' என்று கீழே எழுதியிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் பளபளப்பு இருந்தது, உயிர் இல்லை. கல்யாண வீட்டில் தேய்த்துக் கவிழ்த்து வைத்த டம்ளர் மாதிரி ஒரு பளபளப்பு. பன்றியைத் தேடினேன். பன்றியும் இல்லை, யானையும் இல்லை. அந்த இடத்தில் ஒரு மேடு இருந்தது. அவ்வளவுதான்.

அடுத்த தெருவில் ஒரு ரிடையர்டு கேஷியர் இருக்கிறார். பேங்கில் முப்பது வருஷம் காசு எண்ணியவர். 1985-ல் பழைய மூர் மார்க்கெட் எரிந்து போவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போய்த் தரையில் கொட்டி விற்ற காசுக் குவியலில் கை விட்டுத் துழாவியவர். அவரிடம் கொண்டு போனேன். லென்ஸ்கூட எடுக்கவில்லை மனுஷர். ஜன்னலருகே சாய்த்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எவ்வளவு கொடுத்தீங்க தம்பி?"

சொன்னேன்.

"காபி சாப்பிடறீங்களா?" என்றார்.

டாக்டர்கள் இப்படிப் பேச்சை மாற்றினால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். இரண்டாயிரம் பெறும் காசு என்று காபி முடிந்த பிறகுதான் சொன்னார்.

திருப்பி அனுப்பலாமா என்று விற்றவரைக் கேட்டேன். "போட்டோவில் உள்ள காசைத்தானே சார் அனுப்பியிருக்கேன்?" என்றார். அதுவும் வாஸ்தவம்தான். போட்டோ பொய் சொல்லவில்லை. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எட்டு ஞாயிற்றுக்கிழமை கேஷியர் சார் வீட்டுத் திண்ணையில் ட்யூஷன். ஃபீஸ், வாரம் கால் கிலோ காராபூந்தி.

எழுபதுக்கு எவ்வளவு?

காசுக்கு மார்க் போடும் முறை ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. நூற்றுக்கு இல்லை, எழுபதுக்கு. 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தன் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காக உண்டாக்கினார். அவர் தொழில் மனோதத்துவம். மனிதர்களை உடல்வாகு பார்த்து குண்டு, கட்டுமஸ்து, ஒல்லி என்று மூன்று ஜாதியாகப் பிரித்தவரும் இவரேதான். மனுஷனையே விட்டு வைக்காதவர் காசை விடுவாரா?

1 வாங்கினால், இன்ன காசு என்று அடையாளம் தெரிந்தால் சரி என்று அர்த்தம். 20 முதல் 35 வரை 'வெரி ஃபைன்'. பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். நன்றாகவே தேய்ந்த காசு அது. ரயில்வேயில் சூப்பர் ஃபாஸ்ட் என்கிற மாதிரி. 40, 45 'எக்ஸ்ட்ரா ஃபைன்'. 50 முதல் 58 வரை கிட்டத்தட்டப் புதுசு; மேடான இடத்தில் மட்டும் லேசான உரசல். 60 முதல் 70 வரை புழக்கத்துக்கே போகாதது. நம் ஊர் வியாபாரிகள் பெரும்பாலும் நம்பர் சொல்லாமல் வி.எஃப்., எக்ஸ்.எஃப்., ஏ.யு., யு.என்.சி. என்று இனிஷியல் வைத்தே காரியத்தை முடிப்பார்கள்.

விலை மார்க்குக்குத் தகுந்த மாதிரி நேர்கோட்டில் ஏறாது. கீழே மெதுவாக நகரும். 50-க்கு மேல் லிஃப்டில் ஏறும். 58-க்கும் 62-க்கும் வித்தியாசம் மன்னர் கன்னத்தில் ஒரு விரல் பட்ட தேய்மானம். விலையில் சில சமயம் பாதிக்குப் பாதி. காலேஜில் தேய்மானம் என்றால் வருஷத்துக்குப் பத்து சதவீதம் கழி என்று சொல்லிக் கொடுத்தார்கள். இந்த மாதிரி தேய்மானத்தை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

இதில் ஒரு சுவாரசியம். அந்த ஷெல்டன் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன்னுடைய மட்டமான காசுகளை வைத்திருக்கிறார். அவர் 1977-ல் காலமானார். காசுகள் மாறிய கதையைப் பழைய போட்டோக்களோடு ஒப்பிட்டுத்தான் நிரூபித்தார்கள். மார்க் போடச் சொல்லிக் கொடுத்தவரே மார்க்கைத் திருடினார். மாட்டி வைத்தது போட்டோ!

மூக்கைப் பார்க்காதே, கன்னத்தைப் பார்

"காசில் எது மேடோ அது முதலில் தேயும்" என்பது கேஷியர் சாரின் முதல் பாடம். சாதாரண விஷயம்தான். ஆனால் நாம் போட்டோவில் முதலில் வருஷத்தைப் பார்ப்போம், அப்புறம் எழுத்தைப் பார்ப்போம். எழுத்து கடைசியில்தான் தேயும். அது பளிச்சென்று இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பார்க்க வேண்டியது புருவம், கன்னத்து எலும்பு, காது, தாடி, கிரீடத்து முத்துக்கள். முத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறதா, இல்லை ஒன்றோடொன்று ஒட்டிக் கோடாகிவிட்டதா? காது மடல் தெரிகிறதா, வெறும் வடை மாதிரி இருக்கிறதா? யானைக்கு (அதாவது பன்றிக்கு) கால் எத்தனை எண்ண முடிகிறது? இவ்வளவும் தெளிவாக இருந்தால்தான் 40-க்கு மேலே யோசிக்கலாம்.

இதிலும் ஒரு பொடி இருக்கிறது. அச்சடிக்கும்போதே அழுத்தம் போதாமல் மேடு மழுங்கிய காசுகள் உண்டு. அது தேய்மானம் ஆகாது. எப்படிக் கண்டுபிடிப்பது? மழுங்கிய இடமும் மற்ற இடமும் ஒரே மாதிரி மின்னினால் அச்சுக் கோளாறு. மழுங்கிய இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் மந்தமாக இருந்தால், பல பேர் மடியிலும் சுருக்குப் பையிலும் குடித்தனம் நடத்திய காசு.

வெளிச்சம் செய்கிற வேலை

புதுக் காசில் ஒரு ஜொலிப்பு இருக்கும். அச்சு ஓங்கி இறங்கும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழியும். அப்படி வழிந்த தடங்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகளாக நிற்கும். காசைச் சாய்த்துச் சுற்றினால் ஒளிக் கீற்றுகள் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி கூடவே சுற்றும். சக்கரம் உடையாமல் சுற்றினால் காசு கன்னி கழியாதது.

வில்லங்கம் என்னவென்றால், போட்டோ சுற்றாது. அது ஒரு நொடியில் நின்றுவிட்ட சக்கரம். அதனால்தான் வீடியோ கேட்கச் சொல்கிறார் சார். விளக்குக்கு அடியில் காசை மெதுவாகச் சாய்த்து ஒரு பத்து செகண்டு. நல்ல காசு வைத்திருப்பவன் சந்தோஷமாக அனுப்புவான். "கேமரா ரிப்பேர் சார்" என்பவன் கேமராவில்தான் போட்டோவும் எடுத்தான் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

விளக்கை எங்கே வைக்கிறார்கள் என்பதில் பாதி விலை இருக்கிறது. தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்தால் சின்னக் கீறலும் கால்வாயாகத் தெரியும். நேர் மேலே பரவலாக வெளிச்சம் அடித்தால் கீறல் அத்தனையும் மாயம். வெளிச்சம் கூடிப்போய் மன்னரின் கன்னம் வெள்ளையாக வெளுத்துவிட்டால், அந்த இடத்தில் தேய்மானம் இருக்கிறதா என்று மன்னரே வந்தாலும் சொல்ல முடியாது. மஞ்சள் விளக்கில் கறுத்த காசு பொன்னாகும். போதாக்குறைக்கு இந்தக் காலத்து செல்போன்கள் நாம் கேட்காமலே முகத்தை மழமழவென்று ஆக்கிவிடுகின்றன. மனுஷ முகமா மன்னர் முகமா என்று அவற்றுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இதை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தேன். "தெரியுமே" என்றாள் மனைவி. "உங்க போட்டோவும் அப்படித்தானே வந்தது? இடது பக்கம் திரும்பி, நெத்தியில முடியை இழுத்துவிட்டு, ஸ்டூடியோ லைட்டு போட்டு."

நான் மேற்கொண்டு விளக்கவில்லை.

எதிர்த் திசையிலும் ஏமாறலாம். அசல் காசின் குறுக்களவு சுமார் மூன்று சென்டிமீட்டர். அதைத் திரையில் பதினைந்து சென்டிமீட்டருக்கு விரித்தால் ஐந்து மடங்கு. பரப்பில் இருபத்தைந்து மடங்கு. கையில் வைத்தால் கண்ணுக்கே படாத கீறல் திரையில் காவிரி மாதிரி ஓடும். நல்ல காசைப் போட்டோவில் பார்த்து பயந்து விட்டுவிட்டவர்களும் நிறைய. அதனால் முதலில் படத்தைச் சின்னதாக்கி, அசல் அளவில் ஒரு தடவை பாருங்கள். பெரிதாக்குவது அப்புறம்.

விபூதி போட்டுத் தேய்த்த மன்னர்

நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் சும்மா விடமாட்டார்கள். விபூதி, புளி, பல்பொடி, பாத்திரம் தேய்க்கும் பவுடர் என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டு ஒரு பிடி பிடித்துவிடுவார்கள். குத்துவிளக்குக்குச் சரி. காசுக்கு அது தூக்குத் தண்டனை. தேய்த்த காசுக்கு நம்பரே தராமல், 'இன்ன அளவு விவரம் தெரிகிறது, ஆனால் தேய்க்கப்பட்டது' என்று எழுதி ஓரமாக வைத்துவிடுவார்கள் மார்க் போடும் கம்பெனிக்காரர்கள்.

போட்டோவில் தெரியுமா? பெரும்பாலும் தெரியும். மயிரிழைக் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தால் துணி போட்டுத் துடைத்தது. புழக்கத்தில் விழும் கீறல் தாறுமாறாகத்தான் இருக்கும். வாழ்க்கை அப்படித்தானே கீறும்? அடுத்து, நடுவெளி பளபளவென்றிருக்க, எழுத்து இடுக்குகளில் மட்டும் கறுப்பு அப்பியிருந்தால், மேலோட்டமாகத் தேய்த்திருக்கிறார்கள். கன்னமும் காதும் தேய்ந்து, நடுவெளி மட்டும் புதுசாக மின்னினால் சத்தியமாகத் தேய்த்ததுதான். தொண்ணூறு வயதுத் தாத்தாவுக்குப் பதினெட்டு வயசுப் பல் இருந்தால் யோசிக்க மாட்டோமா? என்னுடைய காசில் இந்த மூன்றுமே இருந்தது. போட்டோவிலும் இருந்தது. விலையைப் பார்த்த அவசரத்தில் நான்தான் பார்க்கவில்லை.

கறுப்பு என்பது காசுக்குக் குறையே இல்லை. காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகப் படியும். முதலில் இளமஞ்சள், பிறகு செம்பு கலந்த சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. வானவில் மாதிரி இயற்கையாக நிறம் படிந்த காசுக்குக் கூடுதல் விலையே உண்டு. நிறங்கள் இந்த வரிசையில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போக வேண்டும். ஹோலிப் பண்டிகை மாதிரி திட்டுத் திட்டாக, கீறலுக்குள்ளேயும் புது நீலம் புகுந்திருந்தால், யாரோ அடுப்பில் வாட்டியோ மருந்து தடவியோ கைவேலை காட்டியிருக்கிறார்கள்.

படமே காட்டாத இடம்

காசுக்கு இரண்டு பக்கம் என்போம். தப்பு. மூன்று. மூன்றாவது, விளிம்பு. முக்கால்வாசி போட்டோக்களில் அதைக் காட்டுவதே இல்லை. வட்டமாக வெட்டி, வெள்ளைப் பின்னணியில் ஒட்டி வைத்துவிடுவார்கள்.

நம் நாட்டுக் காசில் விளிம்பு ரொம்ப முக்கியம். காரணம், நம் பாட்டிமார்கள் காசை பீரோவில் வைக்கவில்லை, கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். மேலே ஒரு வளையம் பற்றவைத்துக் காசு மாலை. பிற்பாடு வளையத்தைப் பிடுங்கிவிட்டு அரம் போட்டுத் தேய்த்தாலும் தழும்பு போகாது. மன்னரின் கிரீடத்துக்கு மேலே பன்னிரண்டு மணி இருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே மட்டும் வெள்ளி வேறு நிறமாக இருக்கும். பக்கவாட்டுப் பற்கள் அடைபட்டிருக்கும். முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

எடையும் கேளுங்கள். அந்தக் கால ரூபாய் சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். நாட்டு வைத்தியர்கள் 'ஒரு ரூபாய் எடை' என்று எழுதியது இதைத்தான். தேய்ந்த காசு சற்றுக் குறையலாம். ஒரு கிராம் குறைந்தாலும், கூடினாலும், கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அசலில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி. யுத்தக் காலச் சிக்கனம்.

எட்டு வாரப் பாடத்தையும் கேஷியர் சார் கடைசியில் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்:

1. இரண்டு பக்கமும் நேராக, வெவ்வேறு வெளிச்சத்தில் கேள்.
2. விளிம்பைக் கேள். முக்கியமாகப் பன்னிரண்டு மணி.
3. சாய்த்துச் சுற்றும் வீடியோ கேள்.
4. தராசில் வைத்துக் கேள்.
5. போட்டோவைப் பார்த்து நம்பர் சொல்லாதே. 'இதிலிருந்து இதுக்குள்' என்று சொல். கீழ் நம்பருக்குத்தான் பணம் கொடு.

ஐந்தாவதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பி.காம். முதல் வருஷம், முதல் மாதம், அக்கவுண்ட்ஸ் வகுப்பில் சொன்னதே இதுதான். வரப்போகிற லாபத்தை எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு ஒதுக்கி வை. பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு அதை அழகாக எழுதினேன். வாழ்க்கையில் ரூ. 7,500-க்குக் கோட்டை விட்டேன்.

கேமரா என் கையில்

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கீழ் போர்ஷனில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் தவறி மூன்று வருஷம் ஆகிறது. தையல் மெஷினை நம்பி ஒரு பையனை பாலிடெக்னிக்கில் படிக்க வைக்கிறார். சித்திரையில் ஒரு நாள் சுருக்குப் பையோடு மாடிக்கு வந்தார்.

"தம்பி, நீங்க பழைய காசெல்லாம் பார்க்கறீங்களாமே? இது என் மாமியாரோடது. பையனுக்கு ஃபீஸ் கட்ட ஒன்பதாயிரம் வேணும். இது ஏதாவது தேறுமா பாருங்க."

அறுந்து போன காசு மாலை. பன்னிரண்டு காசு. பதினொன்று ஆறாம் ஜார்ஜ், யுத்தக் காலத்துப் பாதி வெள்ளி. பன்னிரண்டாவதைத் திருப்பினேன். 1911. கை நடுங்கியது. கிரீடத்து முத்துக்களை எண்ண முடிந்தது. பன்றி நாலு காலில் நின்றது. கன்னத்தில் மட்டும் லேசான உரசல். முகத்துக்கு 55 கொடுக்கலாம். மேலே, பன்னிரண்டு மணியில், மிளகு அளவுக்கு வளையத் தழும்பு.

ஜன்னலோரம் வைத்து செல்போனில் படம் எடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. சாயங்கால வெயில் கீழேயிருந்து வந்தது, மேல் விளிம்பு நிழலில் விழுந்துவிட்டது. தெரிந்த சேகரிப்பாளர் ஒருவருக்கு அனுப்பினேன். வெளியூர்க்காரர். ஐந்து நிமிஷத்தில் பதில்: "ஏ.யு. போல இருக்கு. 14,000 தரேன். கூரியர் போட்டுடுங்க."

அக்காவிடம் தொகையைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கீழே ஓடிப்போய்ப் பையனிடம் சொன்னதும் எங்களுக்குக் கேட்டது.

அப்புறம்தான் படத்தை நிதானமாகப் பார்த்தேன். தழும்பு இல்லை. நிழல் அதை முழுங்கியிருந்தது. எனக்கு வந்த பன்றியின் படமும் இப்படித்தானே இருந்தது?

ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அவர் விளிம்பைக் கேட்கவில்லை, நான் ஏன் சொல்ல வேண்டும்? போட்டோவில் உள்ள காசைத்தானே அனுப்புகிறேன்? இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் அவர் வசதிக்காரர், பொழுதுபோக்குக்கு வாங்குகிறவர். இந்தப் பக்கம் ஒரு பையனின் படிப்பு. தராசில் எப்படி வைத்தாலும் ஒரு பக்கம்தான் தாழ்ந்தது.

"என்னங்க, புரண்டுகிட்டே இருக்கீங்க?" என்றாள் மனைவி. சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டப்பாவைப் பிரிச்ச அன்னிக்கு உங்க மூஞ்சி எப்படி இருந்ததுன்னு நான்தானே பார்த்தேன்" என்றாள். "அக்காகிட்ட கேளுங்க. காசு அவங்களோடது. நீங்களா எதையும் முடிவு பண்ணாதீங்க."

காலையில் போய், தழும்பைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். சொன்னால் விலை மூன்றாயிரத்துக்கு இறங்கலாம் என்றும் சொன்னேன். அக்காவின் முகம் வாடியதை மறைக்க முடியவில்லை. காசை வாங்கி அந்தத் தழும்பை விரலால் தடவினார்.

"இருபது வருஷம் இதை அவங்க கழுத்துல பார்த்திருக்கேன் தம்பி. வளையம் இல்லாம எப்படித் தொங்கும்? இருக்கறதை இருக்குன்னு சொல்லுங்க. நாளைக்கு அந்த ஆள் காசைத் திருப்பி அனுப்பினா, ஃபீஸ் கட்டின பணத்துக்கு நான் எங்கே போவேன்?"

நான் ராத்திரி முழுக்க தர்மம், நியாயம் என்று புரண்டதை அக்கா ஒரே வரியில் கணக்காக்கிவிட்டார். பி.காம். படித்தது நானா, அவரா?

விளிம்பைத் தனியாகப் படம் எடுத்து அனுப்பினேன். "அடடா, வளையம் வெச்சதா? 3,000 சார். சொன்னதுக்கு தேங்க்ஸ்" என்று பதில் வந்தது. அந்த விலைக்குக் கொடுக்க அக்காவுக்கு மனசில்லை. எனக்கும்தான்.

ஃபீஸ் என்ன ஆயிற்று? கேஷியர் சார் மீதிப் பதினொன்றையும் தராசில் வைத்தார். காசு ஒன்றுக்கு 5.83 கிராம் சுத்த வெள்ளி என்று பென்சிலால் கணக்குப் போட்டார். அன்றைய வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் வைத்து, தன் பழைய மூர் மார்க்கெட் சிநேகிதர்களிடம் தள்ளிவிட்டார். ஆயிரத்துச் சொச்சம் குறைந்தது. அதற்கு அக்காவின் சீட்டுப் பணம் கை கொடுத்தது. பையன் இப்போது கடைசி வருஷம். மார்க் போட லாயக்கில்லாத பதினொரு காசுகள் ஃபீஸ் கட்டின. 55 மார்க் வாங்கிய காசு மறுபடி சுருக்குப் பைக்கே போய்விட்டது. மருமகள் வந்தால் கொடுப்பாராம். வளையம் வைக்க இடம் தயாராக இருக்கிறது.

என் பன்றியைப் பற்றிக் கேட்கவில்லையே? அதுவும் சும்மா இல்லை. சென்ற வாரம் மனைவி அவள் பாட்டியின் தீபாவளி லேகியக் குறிப்பைத் தேடி எடுத்தாள். 'சுக்கு ஒரு ரூபாய் எடை' என்றிருந்தது. சமையலறைத் தராசின் ஒரு தட்டில் சுக்கு, இன்னொரு தட்டில் ஐந்தாம் ஜார்ஜ்.

"பரவாயில்லீங்க" என்றாள். "ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு நல்ல எடைக்கல்லுதான் வாங்கியிருக்கீங்க."